சான்றிதழும் இல்லை, சொல்லவும் தயக்கம்: கல்லூரிகளில் வெளியே தெரியாத கற்றல் குறைபாடு, உதவுவது எப்படி?

மைசூரு (கர்நாடகா): வகுப்பில் வாய்மொழியாகக் கேட்டால் தெளிவாக விடை சொல்கிறார் ஒரு மாணவர். அதே விடையைத் தேர்வுத் தாளில் எழுதும்போது பாதியில் நின்றுவிடுகிறார். கரும்பலகையில் இருப்பதைக் குறிப்பேட்டில் எழுதாமல் கைபேசியில் படம் பிடித்துக்கொள்கிறார். பாடத்தை உரக்கப் படிக்க வேண்டிய நாளில் வகுப்புக்கே வருவதில்லை. "அறிவு இருக்கிறது, அக்கறைதான் இல்லை" என்று ஆசிரியர்கள் முடிவு கட்டிவிடுகின்றனர்.

அக்கறையின்மை சில நேரங்களில் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், எழுத்தை ஒலியாகவும் ஒலியை எழுத்தாகவும் மாற்றுவதற்கு அந்த மாணவரின் மூளை மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வதே காரணமாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்று சட்டம் பெயரிட்டிருக்கும் இந்த நிலை, படிப்பதில் சிக்கல் (டிஸ்லெக்சியா), எழுதுவதில் சிக்கல் (டிஸ்கிராஃபியா), கணக்கிடுவதில் சிக்கல் (டிஸ்கால்குலியா) எனப் பல வடிவங்களில் வெளிப்படுகிறது. நுண்ணறிவுக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

பள்ளி மாணவர்களைப் பற்றியே இந்தப் பேச்சு பெரும்பாலும் நடக்கிறது. 2007ஆம் ஆண்டு வெளியான 'தாரே ஜமீன் பர்' திரைப்படம் டிஸ்லெக்சியா என்ற சொல்லை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. அதன் நாயகன் எட்டு வயதுச் சிறுவன். அந்தச் சிறுவன் வளர்ந்து கல்லூரிக்குப் போனால் என்ன ஆவான் என்ற கேள்வியை அதிகம் பேர் கேட்கவில்லை. குறைபாடு வயதோடு மறைவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, பள்ளி வயதினரில் 5 முதல் 15 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாகவும், வயது வந்தோரில் ஏறத்தாழ 4 விழுக்காடாக இருக்கலாம் என்றும் குறிப்பிடுகிறது. அறுபது பேர் கொண்ட பட்டப்படிப்பு வகுப்பில் இரண்டு அல்லது மூன்று பேர் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மைசூரு ஏன் முக்கியம்?

இந்தச் சிக்கலைப் பற்றிப் பேசுவதற்கு மைசூருவைவிடப் பொருத்தமான நகரம் தென்னிந்தியாவில் இல்லை எனலாம். மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் 1965இல் தொடங்கப்பட்ட அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் (எய்ஷ்) இங்குள்ள மானசகங்கோத்ரி பகுதியில் இயங்குகிறது. பேச்சு, செவித்திறன் சிக்கல்களுடன் கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடும் பயிற்சியும் இங்கு வழங்கப்படுகின்றன. 1969இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் அதே பகுதியில்தான் உள்ளது. தமிழ்நாடு உள்ளிட்ட தென் மாநிலங்களுக்கான ஆசிரியர்களை உருவாக்கும் மண்டலக் கல்வியியல் நிறுவனம் 1963 முதல் இந்நகரில் செயல்படுகிறது.

1916இல் தொடங்கப்பட்ட மைசூரு பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளும், 1996 முதல் இயங்கும் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இவற்றுடன் சேர்ந்துகொள்கின்றன. பின்னதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். திறந்தநிலைக் கல்வியில் சேருவோரில் பலர், வேலைக்குச் சென்றபின் விட்ட படிப்பைத் தொடர வருபவர்கள். அவர்களுக்கு அன்றாட வகுப்பு இல்லை. கையில் கிடைப்பது அச்சிட்ட பாடநூல்தான். படிப்பதே சிரமமாக இருக்கும் ஒருவருக்குப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லாத கல்விமுறை அது.

சட்டம் வருவதற்கு முன் பள்ளி முடித்தவர்கள்

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அதற்கெனத் தனி வகை இல்லை. சென்னையில் 1991 முதல் செயல்படும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற அமைப்புகள் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் விழிப்புணர்வை ஏற்படுத்தி வந்தபோதும், நாடு முழுவதற்குமான சட்ட ஏற்பு கிடைக்கவில்லை.

2016ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் எண்ணிக்கையை 21 ஆக உயர்த்தி, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்தது. 2017 ஏப்ரல் 19 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே பத்தாம் வகுப்பை முடித்தவர்கள் இன்று இருபதுகளின் நடுவிலோ அதற்கு மேலோ இருப்பார்கள். அவர்களைப் பள்ளியில் யாரும் மதிப்பிட்டிருக்க வாய்ப்புக் குறைவு. 'மக்கு', 'சோம்பேறி' என்ற சொற்களைக் கேட்டு, தனிப்பயிற்சிக்குப் போய், மனப்பாடம் செய்து, எப்படியோ தேர்ச்சி பெற்று வந்தவர்கள். தங்களுக்கு ஒரு குறைபாடு இருப்பதே தெரியாதவர்கள் எதை வெளியே சொல்ல முடியும்?

கல்லூரியில் அந்த உத்திகள் சரியத் தொடங்குகின்றன. பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஒரு புத்தகம். கல்லூரியில் பத்து நூல்கள், ஆய்வுக்கட்டுரைகள், வாரந்தோறும் ஒப்படைப்புகள். மாலையில் அருகில் அமர்ந்து வாசித்துக் காட்டிய தாயோ அக்காவோ விடுதி அறையில் இல்லை. பயிற்றுமொழியும் பலருக்கு மாறிவிடுகிறது.

தெரிந்தவர்களும் ஏன் சொல்வதில்லை?

பள்ளியிலேயே கண்டறியப்பட்டவர்கள் கல்லூரியில் அதை மறைப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. பத்தாம் வகுப்பில் மொழிப்பாட விலக்கு பெற்றதற்காகக் கேலிக்கு ஆளானவர், புதிய இடத்தில் புதிதாகத் தொடங்க விரும்புகிறார். கூடுதல் நேரம் பெறுவதைச் சலுகையாகப் பார்க்கும் சக மாணவர்களின் பேச்சு அவரைத் தடுக்கிறது. வளாக நேர்காணலில் இது தெரிந்தால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் இருக்கிறது. பெண்களின் குடும்பங்களில் திருமணப் பேச்சைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொள்கிறது. இவற்றில் எதையும் வீண் அச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது.

மேலும், கண்பார்வைக் குறைபாட்டைப் போலவோ கைகால் இயக்கக் குறைபாட்டைப் போலவோ இது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு புதிய ஆசிரியரிடமும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது. நான்காவது முறை விளக்கிய பிறகும் "பார்த்தால் அப்படித் தெரியவில்லையே" என்ற பதில் வந்தால், ஐந்தாவது முறை வாய் திறக்க மனம் வராது.

குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறியும் கடமையைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு கல்வி நிறுவனங்கள் மீது சுமத்துகிறது. ஆனால் அது குழந்தைகளைப் பற்றியே பேசுகிறது. வயது வந்த மாணவர் தாமே முன்வந்து கேட்க வேண்டும் என்பதே நடைமுறை. அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளிலும் பள்ளியில் நிறுவனத்தின் பொறுப்பாக இருப்பது, பல்கலைக்கழகத்தில் பெருமளவு மாணவரின் பொறுப்பாக மாறிவிடுகிறது. பதினெட்டு வயது நிறைந்ததும் யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் இருப்பது என்ற முடிவும் மாணவருடையதே. மதிப்பெண் குறைந்தால் உடனே வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கும் நம் கல்லூரிகளின் பழக்கம் இங்கே இடையூறாகிறது.

ஆங்கிலம் வரவில்லையா, குறைபாடா?

தமிழ் வழியிலோ கன்னட வழியிலோ படித்து வந்த மாணவர் ஆங்கிலப் பாடநூலின் முன் திணறினால், அதை மொழிப் பழக்கமின்மை என்றே எல்லோரும் கருதுவர். பல நேரங்களில் அது சரியும்கூட. வேறுபடுத்திப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: தாய்மொழியில் எழுதப்பட்ட செய்தித்தாளை அவர் எப்படிப் படிக்கிறார் என்று கவனிப்பது. அங்கும் வேகம் மிகக் குறைவாக இருந்தால், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தால், படித்து முடித்தபின் பொருள் மனத்தில் நிற்காமல் போனால், காரணம் ஆங்கிலம் மட்டும் அல்ல.

ஆங்கிலத்தில் 'பட்', 'புட்' என்ற இரு சொற்களிலும் நடுவில் நிற்பது ஒரே உயிரெழுத்து. ஒலி மட்டும் வேறு. தமிழிலும் கன்னடத்திலும் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு இதைவிட நேரானது. ஆகவே, இம்மொழிகளில் டிஸ்லெக்சியா உள்ளவர் பிழையாகப் படிப்பதைவிட மெதுவாகப் படிப்பதே அதிகம். பிழை இல்லாததால் ஆசிரியர் கவனத்துக்கும் வருவதில்லை. அதே நேரத்தில் கற்க வேண்டிய எழுத்து வடிவங்களின் எண்ணிக்கை பெரிது. தமிழில் 247 எழுத்துகள். கன்னடத்தில் கூட்டெழுத்துகள் முதன்மை எழுத்தின் கீழே வந்து அமர்கின்றன. தமிழில் 'க' என்ற ஒரே எழுத்து சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து வேறுவேறாக ஒலிக்கிறது. ல, ள, ழ குழப்பத்தை மட்டும் வைத்து யாரையும் முடிவு கட்டிவிடக் கூடாது; அந்தக் கணக்கில் பார்த்தால் தமிழர்களில் பாதிப் பேர் அகப்படுவார்கள்.

சான்றிதழ் என்னும் சிக்கல்

சட்டப்படியான உதவிகளுக்குச் சான்றிதழ் தேவை. மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதல்கள், எட்டு வயது முதல் சான்றளிக்கலாம் என்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்றும், 18 வயதில் பெறும் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்றும் கூறின. மதிப்பீட்டுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பு பரிந்துரைக்கப்பட்டது.

அந்தத் தொகுப்பு 5 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது. ஏழாம் வகுப்புத் தரத்துப் பத்தியை இருபத்திரண்டு வயது மாணவர் தட்டுத் தடுமாறியாவது படித்து முடித்துவிடுவார். பட்டப்படிப்புப் பாடநூலில் அவர் படும் பாட்டை அந்தச் சோதனை காட்டாமல் போகலாம். வழிகாட்டுதல்கள் 2024இல் திருத்தப்பட்டுள்ளதால், விண்ணப்பிப்போர் நடப்பு விதிகளை மருத்துவ வாரியத்திடம் கேட்டறிவது நல்லது.

அடுத்தது 40 விழுக்காடு என்ற வரம்பு. உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடஒதுக்கீடு (பிரிவு 32) இந்த வரம்பை எட்டியவர்களுக்கே கிடைக்கும். கற்றல் குறைபாட்டை விழுக்காட்டில் அளப்பது எளிதன்று. மருத்துவப் படிப்புச் சேர்க்கைக்கான வழிகாட்டுதல்களே, கற்றல் குறைபாட்டின் கடுமையை அளக்கும் அளவுகோல் தற்போது இல்லை என்றும், 40 விழுக்காடு என்ற வரம்புக்குப் போதிய ஆதாரம் தேவை என்றும் ஒப்புக்கொண்டன.

நீதிமன்றம் திறந்த வழி

வரம்பை எட்டாதவர்களுக்கு 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு முக்கியமானது. எழுதும்போது கை இறுகிப்போகும் சிக்கல் கொண்ட விகாஷ் குமார் என்ற தேர்வர், குடிமைப் பணித் தேர்வில் தமக்காக எழுதித் தரும் உதவியாளரைக் கேட்டிருந்தார். அவரது குறைபாடு 6 விழுக்காடு என மதிப்பிடப்பட்டிருந்தது. 40 விழுக்காடு என்பது இடஒதுக்கீட்டுக்கான வரம்பே தவிர, நியாயமான வசதியைப் பெறுவதற்கான வரம்பு அல்ல என்று நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது.

இதைத் தொடர்ந்து, 40 விழுக்காட்டுக்குக் குறைவான குறைபாடும் எழுதுவதில் சிரமமும் உள்ளவர்களுக்கான தேர்வு வழிகாட்டுதல்களை மத்திய அரசு 2022 ஆகஸ்ட் 10 அன்று வெளியிட்டது. உரிய மருத்துவச் சான்று இருந்தால், எழுதுபவர் உதவியும், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத ஈடுசெய் நேரமும் கிடைக்க இது வழிசெய்தது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல்.

விதி இருப்பது வேறு, தேர்வு அறையில் அது நடப்பது வேறு. 2021 நீட் தேர்வில் டிஸ்கிராஃபியா உள்ள மாணவி ஒருவரிடமிருந்து, கூடுதல் நேரம் தரப்படாமலேயே விடைத்தாள் வாங்கப்பட்டது. அவருக்கு உரிய வசதி தவறாக மறுக்கப்பட்டதாக அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. சான்றிதழோடு போனவருக்கே இந்த நிலை என்றால், எதையும் சொல்லாதவரின் நிலையை ஊகிக்கலாம்.

கேட்காமலே செய்யக்கூடியவை

யார் என்று தெரியாத மாணவருக்கு உதவ ஒரே வழி, எல்லோருக்கும் அந்த உதவியைத் திறந்து வைப்பதுதான். சாய்தளம் கட்டினால் சக்கர நாற்காலியில் வருபவர் மட்டுமன்றி, பெட்டியை இழுத்து வருபவரும் அதில் ஏறுகிறார். பாடம் நடத்துவதிலும் இதே முறையைக் கையாளலாம். கல்வியியலில் இதற்கு 'அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு' என்று பெயர்.

பாடக் குறிப்புகளை வகுப்புக்கு முந்தைய நாளே வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டால், மெதுவாகப் படிப்பவர் ஒருமுறை பார்த்துவிட்டு வர முடியும். ஆனால் அனுப்பப்படுவது உரைக் கோப்பாக இருக்க வேண்டும். நம் கல்லூரிகளில் சுற்றி வரும் 'நோட்ஸ்' பெரும்பாலும் நகலெடுத்த தாளைக் கைபேசியில் படம் பிடித்தவை. மனிதருக்கே சரியாகத் தெரியாத அந்தப் படத்தை, எழுத்தை வாசித்துக் காட்டும் செயலிகளால் ஒழுங்காகப் படிக்க இயலாது. உரைக் கோப்பாக இருந்தால் ஆண்ட்ராய்டு கைபேசியிலேயே உள்ள வாசிப்பு வசதி தமிழையும் கன்னடத்தையும் ஆங்கிலத்தையும் படித்துக் காட்டும். பேசினால் தட்டச்சாகும் வசதியும் இம்மொழிகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஒப்படைப்பின் முதல் வரைவை வாயால் சொல்லித் தயாரிக்க அனுமதித்தால், பலருடைய எழுத்தின் தரம் மாறிவிடும்.

முன்னறிவிப்பின்றி யாரையும் எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்லாமல் இருப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. விரிவுரையை ஒலிப்பதிவு செய்துகொள்ள அனுமதிப்பதும் அப்படியே. ஒப்படைப்பு விவரங்களை வகுப்பு முடியும் பரபரப்பில் வாயால் மட்டும் சொல்லாமல் எழுதியும் தர வேண்டும். பெரிய ஒப்படைப்பை மூன்று சிறு கெடுக்களாகப் பிரிக்கலாம். உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு பகுதியை வாய்மொழித் தேர்வுக்கு மாற்றுவது துறையின் கையிலேயே இருக்கிறது. வேதியியல் விடைத்தாளில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பதால் மாணவரின் வேதியியல் அறிவு அளக்கப்படுவதில்லை. மொழிப்பாடத்தில் நிலைமை வேறு. அங்கே எழுத்தும் இலக்கணமுமே பாடம் என்பதால், எல்லாவற்றையும் தளர்த்திவிட முடியாது. எதை அளக்கிறோம் என்பதை ஆசிரியர் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நூலகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. அச்சிட்ட நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக நூல்களை ஒலி வடிவிலும் பிற வடிவங்களிலும் மாற்றிக்கொள்ள வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. அந்த உடன்படிக்கை பார்வைக் குறைபாடு உடையவர்களோடு, வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களையும் சேர்த்தே பேசுகிறது. 2016இல் தொடங்கப்பட்ட 'சுகம்ய புஸ்தகாலயா' இணைய நூலகத்தில் இத்தகைய நூல்கள் உள்ளன. பார்வையற்ற மாணவர்களுக்கு மட்டுமே என்று எண்ணி, டிஸ்லெக்சியா உள்ளவர்களிடம் இதைப் பற்றிச் சொல்லாமல் விடுவது வழக்கமாகிவிட்டது.

ஆசிரியர் பேசும் முறை

ஐயம் எழுந்த ஆசிரியர் "உனக்கு டிஸ்லெக்சியாவா?" என்று கேட்பது தவறான தொடக்கம். நோயறிதல் அவருடைய வேலை அல்ல. தனியாக அழைத்து, "வகுப்பில் நன்றாகப் பேசுகிறீர்கள், தாளில் அது வரவில்லையே, எழுதும்போது எங்கே தடைபடுகிறது?" என்று கேட்டால் பேச்சு தொடங்கும். விடை வராவிட்டால் வற்புறுத்தத் தேவையில்லை. பருவத்தின் முதல் வகுப்பிலேயே, படிப்பதிலோ எழுதுவதிலோ சிரமம் உள்ளவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பேசலாம், பெயர் வெளியே போகாது என்று வகுப்பு முழுவதற்கும் பொதுவாக அறிவிப்பது இன்னும் பயன் தரும். அந்த அறிவிப்புக்குப் பலன் இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியக்கூடும். முதல் உள்தேர்வு மதிப்பெண் வந்த மாலையில் கதவருகே ஒருவர் வந்து நிற்பார்.

அப்படி நம்பிச் சொன்னதை ஆசிரியர் ஓய்வறையில் பகிர்ந்துவிட்டால் அடுத்தவர் யாரும் வரமாட்டார்கள். மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொது இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பது, சட்டத்தின் 92ஆவது பிரிவின்படி ஆறு மாதங்களுக்குக் குறையாத சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் கல்லூரிகள் நினைவில் கொள்ள வேண்டும்.

மதிப்பீட்டுக்குச் செல்பவர்கள் கவனத்துக்கு

முறையான மதிப்பீட்டை நாட விரும்பும் மாணவர், கல்லூரியின் சம வாய்ப்பு மையத்தையோ ஆலோசகரையோ முதலில் அணுகலாம். மைசூருவில் எய்ஷ், பெங்களூருவில் நிம்ஹான்ஸ் ஆகியவற்றில் மதிப்பீட்டு வசதி உண்டு. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும் அணுகலாம். சான்றிதழுக்கும் தனித்துவ அடையாள அட்டைக்கும் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பார்வை, செவித்திறன் சோதனைகளும் நுண்ணறிவுச் சோதனையும் வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகளும் அடங்குவதால், ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்று எதிர்பார்க்க இயலாது. தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தொடங்கினால் அந்தத் தேர்வுக்குச் சான்று உதவாது.

செல்லும்போது பழைய பள்ளிக் குறிப்பேடுகள், மதிப்பெண் பட்டியல்கள், ஆசிரியர்களின் குறிப்புகள் என எது கிடைத்தாலும் எடுத்துச் செல்வது நல்லது. இந்தச் சிக்கல் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கியதா என்பதை மதிப்பிடுபவர் அறிய வேண்டும். 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, சிறுவயது முதல் கற்றலில் சிரமம் இருந்ததற்கான ஆவணங்களை நேரடிச் சோதனைக்கு மாற்றாக ஏற்கவும் டிஎஸ்எம்-5 இடமளிக்கிறது. வீட்டுப் பரணில் கிடக்கும், சிவப்பு மையால் சுழிக்கப்பட்ட நான்காம் வகுப்புக் கட்டுரை நோட்டு, பழைய தாள் வாங்குபவரிடம் போவதற்கு முன் அந்த மேசைக்கு வந்து சேர வேண்டும்.